முஹைதீன் நானாவின் இடது கால்

ஊருக்கு அவர் முஹைதீன் நானா. எனக்கு மச்சான். கூடப் பிறந்த என் ராத்தா ஸக்கியாவைக் கட்டியவர் என்பதால் அவரைப் பற்றி நாலு வார்த்தை இளக்காரமாகப் பேசும் உரிமை எனக்கு உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

கண்டி கொழும்பு வீதியில் அவருக்கு ஒரு செருப்புக்கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் நடைபாதையில் நின்றுதான் விலை கேட்க வேண்டும். வருகிறவரைக் கதிரையில் உட்கார வைத்து, தானே கீழே குந்தி, காலைப் பிடித்துச் செருப்பை மாட்டிவிடுவார். "ஒங்கட காலுக்கின்டே அளவெடுத்துத் தெச்ச மாதிரி ஈக்கி" என்பார். கட்டைவிரல் வெளியே தொங்கினாலும் அதைத்தான் சொல்வார். பின்னேரம் பஸ் ஏறி அலவத்துகொடைக்கு வந்து சேர்ந்தால், வீட்டுக்கு வருமுன் பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு தேத்தண்ணி. அவருடைய வாழ்க்கை இவ்வளவுதான். அவருக்கு அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு பலவீனம் மட்டும் உண்டு. ஆள் கொஞ்சம் பகட்டு. மகன் ஸைத் டோஹாவில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவன் வீடியோ கோல் எடுப்பான். அதற்கு மச்சான் தயாராகும் விதத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை தோற்றுப்போவான். மடிப்புக் கலையாத சாரன், வெள்ளைத் தொப்பி, காதுக்குப் பின்னால் அத்தர். "அத்தர் வாசம் டோஹாவுக்குப் போகுமா?" என்று ராத்தா கேட்டால் முறைப்பார். கதிரையைக் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, சுவரில் ஓதம் ஏறிய இடத்தைத் தன் தலையால் மறைத்துக்கொண்டு உட்காருவார். "எப்படி வாப்பா?" என்று மகன் கேட்க, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சொகம்" என்பார். ஒருமுறை காய்ச்சலோடு பல்லைக் கடித்துக்கொண்டு இதையே சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு வருத்தத்தைச் சொல்லி அவனுக்கும் வருத்தம் கொடுப்பதா என்பது அவர் நியாயம். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் நியாயம். அவனும் அந்தப் பக்கம் கம்பனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்பதை மறைத்து, "நானும் சொகம் வாப்பா" என்பான். இப்படி வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லி நிம்மதியாக இருந்தார்கள்.

மச்சானுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். பார்ப்பது டொக்டர் ஷிராணி. கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். எங்கள் ஊரில் டிஸ்பென்சரி போட்டபின் எங்களுடைய சண்டை சச்சரவெல்லாம் எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மச்சான் மாதாமாதம் போவார். டொக்டர் பிரஷர் பார்த்து, சீனி பார்த்து, கடைசியில் ஒன்றும் கேட்காமல் குனிந்து அவருடைய இரண்டு காலையும் தூக்கிப் பார்ப்பார். அடிப்பாதத்தை அழுத்துவார். விரல்களை விரித்து இடுக்கில் டோர்ச் அடிப்பார். சீனிக்காரருக்குக் காலில் உணர்வு செத்துப்போகும், ஆணி குத்தினாலும் தெரியாது, அதனால் பார்க்கத்தான் வேண்டும் என்பார். மச்சான் கூச்சத்தில் நெளிவார். ஒரு பெண், அதுவும் படித்தவர், தன் காலைத் தொடுவதா? ஆனால் டொக்டர் கேட்காமலே செய்துவிடுவதால் தன்மேல் பிழையில்லை என்று ராத்தாவிடம் விளக்கம் சொல்வார்.

இந்த நிலையில் கொரோனா வந்தது. அதன் இரண்டாவது அலையில் டிஸ்பென்சரிக் கதவு மூடிக்கொண்டது. கதவில் ஒரு தாள். டொக்டரை வட்ஸ்அப்பில் பார்க்கலாம், மருந்துச் சிட்டை பாமசிக்குப் போகும், மருந்து வீட்டுக்கு வரும். அந்த மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊரடங்குப் பாஸ் என் த்ரீவீலுக்குக் கிடைத்ததால், ஊரார் போனில் வைத்தியம் பார்த்த கூத்து முழுவதையும் வாசலில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

உம்மு குல்சும் மாமி டொக்டருக்கு அரை மணித்தியாலம் தன் வீட்டுக் கூரையைத்தான் காட்டினார். போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இன்னொருவர் டொக்டர் திரையில் தோன்றியதும் மரியாதைக்கு எழுந்து நின்றார். டொக்டருக்கு அவருடைய தொப்புள் மட்டும் தெரிந்தது. சொறியைக் காட்ட வேண்டியவர்கள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காட்டினார்கள். ஒரு தமிழ் வாத்தியார் தன் வருத்தத்தைக் கட்டுரையாக எழுதி அனுப்பினார். டொக்டர் ஷிராணி இத்தனைக்கும் பொறுமை இழக்கவில்லை. நானாக இருந்தால் போனைத் தூக்கி மகாவலியில் போட்டிருப்பேன்.

மச்சானின் முதல் கோலுக்கு நானும் போயிருந்தேன். போன் மகள் ஷஹ்மாவுடையது. அவள் ஸ்கூல் டீச்சர். போனில் பாடம் எடுத்து முடித்துவிட்டு வாப்பாவிடம் கொடுத்தாள். அவர் அப்போதே சாரன், தொப்பி, அத்தரோடு அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கூடவே மாஸ்க்கும் போட்டிருந்தார்.

"முஹைதீன் நானா, மாஸ்க்கக் கழட்டுங்க. போன் வழியா எனக்குத் தொத்தாது" என்றார் டொக்டர்.

மச்சான் கழற்றினார்.

"எப்படி இருக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ் டொக்டர், நல்ல சொகம்."

சொகமாக இருப்பவர் டொக்டரை ஏன் கூப்பிட்டார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. போன் திரையைக் கண்டால் அவருடைய வாய் தானாக அதைத்தான் சொல்லும். சீனி எவ்வளவு என்று டொக்டர் கேட்டார். வீட்டு மெஷின் காலையில் இருநூற்றறுபது காட்டியிருந்தது. மச்சான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூத்தி எம்பது வரும்" என்றார். நாற்பது வருடம் விலை குறைத்துப் பழகிய வாய், தன் இரத்தத்துக்கும் தள்ளுபடி போட்டுவிட்டது.

அப்போதே அவருக்கு இடது காலில் புண் இருந்தது. ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்ததால் கொஞ்சம் சரக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதில் ஒரு புதுத் தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உலாத்தியிருக்கிறார். சுண்டுவிரல் பக்கம் கடித்துவிட்டது. வேறு யாராவது என்றால் அன்றைக்கே நொண்டியிருப்பார்கள். இவருக்கு வலியே இல்லை. ராத்தா தும்புத்தடியால் வீட்டைக் கூட்டும்போது தரையில் இரத்தக் கறையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். செருப்புக்கடைக்காரனைச் செருப்பு கடித்தது என்று வெளியே தெரிந்தால் கொழும்பு வீதியில் தலைகாட்ட முடியாது என்று அவர் அவள் வாயை அடைத்துவிட்டார். மஞ்சள் பூசினார்கள். அது கறுத்துக்கொண்டு வந்தது.

அடுத்த கோலில் டொக்டர் நேராகவே கேட்டார். "நானா, கால் ரெண்டையும் காட்டுங்க. அடிப்பாதத்தப் பார்க்கணும்."

மச்சான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ராத்தாவைப் பார்த்தார். "டொக்டர்ட மூஞ்சிக்கி நேரா உள்ளங்காலத் தூக்கிக் காட்டுறதா? மனிசன் செய்ற வேலையா இது?"

அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் பெரியவர் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தாலே பிள்ளைக்கு அடி விழும். டிஸ்பென்சரியில் டொக்டர் குனிந்து பார்த்தார், அது அவருடைய வேலை. இங்கே இவர் காலைத் தூக்கி அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். இருந்தாலும் டொக்டர் சொல்லிவிட்டார். மச்சான் உள்ளே போய், வலது காலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, பவுடர் பூசி, ஒரு துவாயை விரித்து அதன்மேல் வைத்தார். ஷஹ்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனைப் பிடித்தாள்.

"இது நல்லா இருக்கு. மத்தக் காலக் காட்டுங்க" என்றார் டொக்டர்.

மச்சான் காலை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு அதே வலது காலை எடுத்து, கொஞ்சம் சரித்து, மறுபடியும் துவாயில் வைத்தார். அன்றைக்கு மழை. சிக்னல் போய்ப் போய் வந்தது. படம் சதுரம் சதுரமாக உடைந்துகொண்டிருந்தது. டிஸ்பென்சரியில் எந்தக் கால் என்று கேட்க வேண்டிய தேவை டொக்டருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

"ரெண்டு காலும் நல்லா இருக்கு நானா. இப்படியே கவனமா வெச்சுக்குங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் மச்சானின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். புண் ஆறிவிட்டது போல எழுந்து நடந்தார். அன்று முழுவதும், "டொக்டரே நல்லா ஈக்கின்டு செல்லிட்டாங்க" என்று ராத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாராட்டு எந்தக் காலுக்குக் கிடைத்தது என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. ராத்தாவுக்கு வந்த கோபத்தில் பகல் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

பிறகு புண் வாடை அடிக்கத் தொடங்கியது. நான் மருந்து கொண்டுபோனால் வாசலிலேயே மூக்கில் அடிக்கும். ராத்தா காலையிலும் மாலையிலும் சாம்பிராணி போட்டாள். கொரோனா வந்தால் வாசம் தெரியாது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வீட்டில் ஒருவருக்கும் கொரோனா இல்லை என்பதற்கு அந்த வாடையைவிட வேறு சாட்சி தேவையில்லை. டொக்டருக்கு மட்டும் அது தெரிய வழியில்லை. போனில் அவருக்குத் தெரிந்தது சாம்பிராணிப் புகையும் அதன் நடுவே ஒரு வெள்ளைத் தொப்பியும்தான்.

கடைசியில் காய்ச்சல் வந்தது, நடுக்கம் வந்தது. நான் த்ரீவீலை வாசலில் நிறுத்திவிட்டு, "வாங்கோ மச்சான், ஆஸ்பத்திரிக்கிப் போவோம்" என்றேன்.

"வரமாட்டன்" என்றார்.

"கால் அழுகுது மச்சான். காலோட போகாது, உசிரும் போகும்."

"உசிரு போனாப் போகட்டும்." குரல் இறங்கிவிட்டது. "அங்க போனா மூக்குல குச்சி விடுவாங்க. காய்ச்சல் ஈக்கி. கொரோனான்டு வந்து நான் மௌத்தாப் போனா, மையித்தத் தருவாங்களா? கொண்டுபோய் எரிச்சிடுவாங்க. நான் என்ட வீட்டுல மௌத்தாகுறன். மையவாடியில எங்கட வாப்பாட பக்கத்துல வையுங்கோ."

அந்த நாட்களில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்பது நாட்டின் சட்டம். அடக்கம் செய்ய அனுமதி இல்லை. எங்கள் ஊரில் நோயைவிட அந்த நெருப்புக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினார்கள். பகிடி விட்டே வாழ்க்கையை ஓட்டுகிற நானும் அந்தப் பயத்தை மட்டும் பகிடியாக்கவில்லை. எனக்கும் அது இருந்தது.

மறுநாள் டொக்டரின் கோல் வந்தது. மச்சானைத் தூக்கித்தான் கதிரையில் உட்கார வைத்தோம். ஆனாலும் தொப்பி வேண்டும் என்றார். ராத்தா கொடுத்தாள். உடம்பு நடுங்குவது தெரியாமல் இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி நானா?"

"அல்ஹம்துலில்லாஹ். சொகம்."

"காய்ச்சல் ஏதும் இருக்கா? முகம் ஒரு மாதிரி தெரியுதே."

"இல்ல டொக்டர். வெயிலுக்கு..."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

என் ராத்தா முப்பத்தைந்து வருடக் கலியாணத்தில் அவர் பேசும்போது குறுக்கே பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. ஷஹ்மாவின் கையிலிருந்து போனைப் பறித்தாள். அப்படியே கீழே குந்தினாள். சாரனை விலக்கி, துணிக்கட்டை அவிழ்த்து, போனை அந்த இடது காலுக்கு நேரே பிடித்தாள். மச்சான் "ஸக்கியா! ஸக்கியா!" என்று கத்தினார். அவள் கையை எடுக்கவில்லை.

போனில் டொக்டரின் குரல் வந்தது. "எனக்கு நீங்க இந்தக் காலக் காட்டவே இல்லயே நானா."

மச்சான் அழத் தொடங்கினார். நெருப்பைப் பற்றி மறைக்காமல் டொக்டரிடமே சொன்னார். டொக்டர் அவரைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"வீட்டுல இறந்தாலும் பீ.சீ.ஆர். எடுக்கிறாங்க நானா. உங்களுக்குத் தெரியாதா? இந்தக் காலோட வீட்டுல இருந்தா நீங்க இருக்கமாட்டீங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருவேளை கால் போகும், ஆள் இருப்பீங்க. உயிரோட இருக்கிற ஆள யாரும் எரிக்கமாட்டாங்க."

வியாபாரிக்கு இந்தக் கணக்கு விளங்கியது. "த்ரீவீல எடு" என்று என்னிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலோடு எங்களை நிறுத்திவிட்டார்கள். நோயாளி மட்டும்தான் உள்ளே. மச்சான் சக்கர நாற்காலியில் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். ராத்தா தன்னுடைய பழைய போனை அவர் மடியில் வைத்துவிட்டாள். மூக்கில் குச்சி விட்டார்கள். கொரோனா இல்லை என்று வந்தது. அதைச் சொல்வதற்கு அவர் எடுத்த கோலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டிருந்தால், பரீட்சையில் பாஸான பிள்ளை என்று நினைத்திருப்பீர்கள். "இல்லையாம்! இல்லையாம்!" என்றார். அடுத்த நாள் முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள்.

ஆள் தப்பிவிட்டார் என்று வார்ட்டிலிருந்து செய்தி வந்ததும் ராத்தா அல்லாஹ்வுக்கு நன்றியாக ஷுக்ர் தொழுதாள். தொழுது முடித்துப் பாயைச் சுருட்டியவள், "கால அடக்கணும்" என்றாள். எங்கள் வழக்கம் அது. உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததையும் மண்ணில்தான் வைக்க வேண்டும். நான் பள்ளிக்கு ஓடினேன். அங்கே இரண்டு பெரியவர்கள் காலுக்குத் தொழுகை உண்டா இல்லையா என்று விவாதத்தை ஆரம்பித்தார்கள். இல்லை என்று முடிவதற்குள் பாங்கு சொல்லும் மோதினார் மண்வெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார். மச்சானின் வாப்பா அடங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், முழ அளவில் ஒரு குழி. மழையில் மண் இளகியிருந்ததால் வெட்டக் கஷ்டமாக இருக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது ராத்தா வெள்ளைத் துணியை அளவாகக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். மிச்சம் இருந்த வேலை காலை வாங்கி வருவதுதான்.

அந்த நேரம் மச்சானின் வீடியோ கோல் வந்தது. ஷஹ்மா போனை எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தாள். அவர் தலையில் தொப்பி இல்லை. முடி கலைந்திருந்தது, தாடி வழிக்கவில்லை. போன் திரையில் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"கால எப்ப தருவாங்களாம்?" என்று கேட்டாள் ராத்தா. "தம்பி குழி வெட்டிட்டு வந்தீக்கான். துணியும் ரெடி."

"தரமாட்டாங்க ஸக்கியா. எரிச்சிட்டாங்க."

வெட்டி எடுப்பதெல்லாம் அன்றைக்கன்றைக்கே ஆஸ்பத்திரி உலைக்குப் போய்விடுமாம். எல்லாருக்கும் அப்படித்தானாம். முன்கூட்டிக் கேட்டிருந்தால் வைத்திருப்பார்களாம். வார்ட்டில் தரை துடைக்கிறவரிடம் விசாரித்தபோது அவர் சொன்னாராம். கேட்க வேண்டும் என்று மச்சானுக்குத் தெரியவில்லை. வெளியே நின்ற எங்களுக்கும் அது தோன்றவில்லை. ஆள் பிழைத்தால் போதும் என்று நின்றோம்.

ராத்தா மடித்த துணியின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். எனக்கு யாரையாவது பிடித்து ஏச வேண்டும் போல இருந்தது. ஏசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கையில் மண் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்க வைக்கிற எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது.

"நோவுதா?" என்று ராத்தா மெதுவாகக் கேட்டாள்.

அவர் என்ன சொல்வார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதைக் கேட்கத் தயாராகவும் இருந்தோம்.

"நோவுது ஸக்கியா" என்றார். "இருக்கும்போது ஒரு நாளும் நோகாத கால். இப்ப அது இல்ல, ஆனா விரலெல்லாம் எரியிது."